சிவப்புத் துணி கட்டிய மல்பெரி

எங்கள் ஊரில் பட்டுப்புழு, தோலுரிக்கிற நாலாம் தூக்கத்துக்குப் போய்விட்டால் யார் வீட்டிலும் வெங்காயம் தாளிக்க மாட்டார்கள். வாசனை சோப்பு பெட்டிக்குள் போய்விடும். சம்பந்தி வீட்டார் வந்தாலும் வெளிவாசலில் நிற்கவைத்து, ஒரு கிண்ணம் பச்சைத் தேநீர் கொடுத்து, குசலம் விசாரித்து அனுப்பிவிடுவார்கள். அவர்களும் கோபித்துக்கொள்வதில்லை; அங்கேயும் அதே நிலைமைதான். நல்ல அறைகளையெல்லாம் புழுவுக்கு விட்டுவிட்டு மனிதர்கள் தாழ்வாரத்தில் படுக்கிற மாதம் அது.

தூக்கம் கலைந்து எழுந்த புழுவின் பசியைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மல்பெரிக் கிளைகளை வெட்டி, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, இலையோடு அப்படியே புழுவின் மேல் பரப்புவார்கள். பரப்பி முடித்து முதுகை நிமிர்த்துவதற்குள் முதல் வரிசையில் குச்சி வெளியே தெரியும். அறைக்குள் சருகின்மேல் தூறல் விழுவதைப்போல ஒரே சத்தம். அந்தச் சத்தம் இருக்கிறவரை வீட்டுப் பெண்களுக்கு இடுப்பு வலி தெரியாது.

முகர்ரமின் வீட்டில் இரண்டு அறை நிறையப் புழு. கணவன் தோஹிர் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போய் மூன்றாவது வருடம். மகள் நஃபீசா நகரத்து விவசாயக் கல்லூரியில் படிக்கிறாள். இன்னும் ஒரு வருடம் பாக்கி. அந்த வருடத்துக்கான கட்டணம் இப்போது புழுவாக இரண்டு அறைகளில் நெளிந்துகொண்டிருந்தது. தோஹிர் அனுப்புவதெல்லாம் கூரைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும். “கூடு நல்லா வந்தா நீ படிப்ப. வரலன்னா உனக்கு மாப்பிள்ளை பாப்பேன்” என்று முகர்ரம் இலை பரப்பும்போதெல்லாம் சொல்வாள். விளையாட்டாகத்தான் சொல்வாள். ஆனால் அவள் சொன்ன மாப்பிள்ளை நிஜமாகவே அடுத்த தெருவில் இருந்தான், பஸ் டிரைவர்.

அவர்கள் நிலத்துக்கும் தோஹிரின் அண்ணன் நூர்மத்தின் கோதுமைக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். வாய்க்கால் கரையில் மல்பெரி வரிசை. புழு எழுந்த அன்று வீட்டுப் பெண்களில் ஒருத்தி வரிசையின் தலைமரத்தில் சிவப்புத் துணி கட்டுவாள். அதை அவிழ்க்கிறவரை யாரும் மருந்து அடிக்கக் கூடாது. மல்பெரி இலையில் மருந்து பட்டால் புழு போய்விடும். இலையைக் கழுவிப் போடவும் வழியில்லை, ஈர இலை தின்றாலும் புழுவுக்கு நோய். ஒருமுறை கூட்டுப்பண்ணைக் காலத்தில் ஒரு அதிகாரி துணியை மதிக்காமல் டிராக்டரை இறக்கினார் என்றும், பெண்கள் எல்லோருமாகச் சேர்ந்து அவரை வாய்க்காலில் இறக்கினார்கள் என்றும் கதை உண்டு.

இந்த வருடம் துணி கட்டியவள் நஃபீசா.

அவளுக்கு அந்தத் துணியின் மேல் தனிப் பிரியம். மற்றவர்களுக்கு அது பத்துப் பதினைந்து நாள் சங்கதி. அவளுக்கு வருடம் முழுவதும் கட்டியிருக்க வேண்டிய சங்கதி. அப்பாவின் நிலத்தில் வரிசையை ஒட்டிய பாதியைக் கேட்டு வாங்கி, இரண்டு வருடமாக உரமூட்டையோ ரசாயன மருந்தோ படாமல் வைத்திருந்தாள். போன வருடம் பருத்தி, இந்த வருடம் கொண்டைக்கடலை. இலையுதிர் காலத்தில் இயற்கை விவசாயச் சான்றிதழ்காரர்கள் வந்து மண்ணை எடுத்துப் பார்ப்பார்கள். கல்லூரியில் அவள் எழுதப்போகும் ஆய்வும் இந்த நிலத்தைப் பற்றியதுதான். அவளைப் பொறுத்தவரை உலகம் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று இரண்டாக இருந்தது.

துணி கட்டிய மறுநாள் நூர்மத் கையில் ஒரு பச்சைக் கதிரோடு வாய்க்கால் கரைக்கு வந்தார். அவர் மனைவி உல்மஸ் கழுதை வண்டியில் மல்பெரிக் கிளைகளை ஏற்றிக்கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். நூர்மத்தின் கோதுமைக்கு அந்தக் கோடியில், ரோட்டை ஒட்டி, அவருடைய சொந்த மரங்கள் கொஞ்சம் உண்டு. அவர்கள் வீட்டில் புழு வளர்ப்பதில்லை. உல்மஸுக்குப் புழுவைக் கண்டால் தடிப்பு வரும். அதனால் அந்த இலை ஒவ்வொரு வருடமும் தம்பி வீட்டுக்கு வந்துவிடும்.

“காலேஜு, இங்க வா. இது என்ன பூச்சி? உங்க புஸ்தகத்துல இருக்கா?”

நஃபீசா கதிரை வாங்கிப் பார்த்தாள். “நாவாய்ப்பூச்சி, பெரியப்பா. குஞ்சு. இன்னும் இறக்கை வரல.”

“பேரு தெரியுது. அது பாக்கற வேலை தெரியுமா?”

“பால் பிடிக்கிற மணியில குத்தி உறிஞ்சும். உறிஞ்சறப்ப எச்சிலை உள்ள விட்டுரும். அந்தக் கோதுமைய அரைச்சுப் பிசைஞ்சா மாவு நிக்காது, இழுவையா போயிரும்.”

“ஏ உல்மஸ், கேட்டியா? உன் ரொட்டி தந்தூர் சுவத்துல ஒட்டாம சாம்பல்ல விழுதுல்ல, அதுக்குப் படிச்சவங்க வச்சிருக்கற பேரு இழுவை.”

“பேரு எதுவா இருந்தா என்ன?” என்றாள் உல்மஸ், வண்டியிலிருந்து. “ஊதி ஊதித் தின்னப்போறது நாமதான்.”

“ஒரு டேங்க் மருந்து அடிச்சா ஒரு காலையில முடிஞ்சிரும். துணி கட்டிட்டாங்களே” என்றார் நூர்மத்.

“நான்தான் கட்டினேன் பெரியப்பா.”

“தெரியுதே. முடிச்சு என் பக்கம் பாத்துல்ல முறைச்சிட்டு இருக்கு.”

நஃபீசா சிரித்துவிட்டாள். ஆனாலும் விடவில்லை. “ஒரே ஒரு வருசம் அடிக்காம விட்டுப் பாருங்களேன். பூச்சியைத் தின்ற பூச்சி தானா வரும். நாவாய்ப்பூச்சி முட்டைக்குள்ளயே முட்டை வைக்கிற குட்டிக் குளவி ஒண்ணு இருக்கு.”

“வரட்டுமே. எந்த பஸ்சுல வருதுன்னு சொல்லு, நானே போய்க் கூட்டியாறேன்.”

“நீங்க வருசா வருசம் அடிக்கறதாலதான் அது வரவே மாட்டேங்குது.”

“அது வராததாலதான் நான் அடிக்கறேன்.” நூர்மத் கதிரைத் திரும்ப வாங்கிக் கசக்கி, மணியை வாயில் போட்டுக் கடித்துத் துப்பினார். “நீ சொல்றது பொய்யின்னு சொல்லல கண்ணு. உன் கடலைக்குச் சான்றிதழ் குடுக்க வெளிநாட்டுக்காரன் வருவான். என் கோதுமைக்குச் சான்றிதழ் குடுக்கறது உங்க பெரியம்மாவோட தந்தூர். அது ரொம்பக் கண்டிப்பான ஆபீசர்.”

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மருந்து அடிக்கவில்லை. காலையிலும் மாலையிலும் கோதுமைக்குள் இறங்கி, கதிரைத் தட்டி, பூச்சிகளைப் பார்த்துவிட்டு, துணியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

இரண்டு மூன்று நாள் கழிந்திருக்கும். நஃபீசா தன் கடலையில் காய்ப்புழுவைக் கண்டாள். பச்சைக் காய்க்குள் தலையை விட்டு, உடம்பை வெளியே போட்டுக்கொண்டு தின்றுகொண்டிருந்தது. ஒரு செடியில் இல்லை, வரிசை முழுவதும். அவள் பதறவில்லை, இதற்கு அவளிடம் விடை இருந்தது. கல்லூரியிலிருந்து கொண்டுவந்த பாக்டீரியாத் தூள். இயற்கை விவசாயத்துக்கு அனுமதிக்கப்பட்டது. மண்ணில் தானாகவே வாழ்கிற ஒரு கிருமிதான். இலையோடு அதைத் தின்னும் புழுவின் குடல் மட்டும் அழுகும். மனிதனுக்கோ கோழிக்கோ தேனீக்கோ ஒன்றும் செய்யாது. வெயிலில் வீரியம் போய்விடும் என்பதால் சாயங்காலம்தான் தெளிக்க வேண்டும். அவள் சாயங்காலம் தண்ணீரில் கரைத்து, கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக ஒழுங்காகத் தெளித்தாள். மலையிலிருந்து இறங்கும் காற்று அந்த நேரத்துக்கு அவள் முதுகில் பட்டு, கடலையைத் தாண்டி, வாய்க்கால் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வெக்கைக்கு அது சுகமாகக்கூட இருந்தது. தலைமரத்தில் துணி ஆடியதையும் அவள் பார்த்தாள்.

அம்மாவிடம் அவள் சொல்லவில்லை. மறைக்க நினைத்ததால் அல்ல. சொல்வதற்கு அதில் ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. மருந்து என்பது வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துச் சமாச்சாரம்.

மறுநாள் விடியலில் முகர்ரம் வாய்க்கால் வரிசையில் கிளை வெட்டிக் கொண்டுவந்து பெரிய அறையில் பரப்பினாள். சின்ன அறைக்கு உல்மஸ் கொண்டுவந்து இறக்கிய ரோட்டோர இலை.

அதற்கும் அடுத்த நாள் மத்தியானம், தாழ்வாரத்தில் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்த முகர்ரம் கையை அப்படியே நிறுத்தினாள்.

“நஃபீசா, பெரிய ரூம்ல இலை போட்டியா?”

“காலையிலயே போட்டாச்சும்மா.”

“சத்தத்தைக் காணோமே.”

உள்ளே போய்ப் பார்த்தார்கள். இலை அப்படியே கிடந்தது. விரல் தடிமனுக்கு வெள்ளையாக விறைத்து நிற்க வேண்டிய புழுக்கள் துவண்டு, கிளையிலிருந்து ஈரத் துணிபோலத் தொங்கின. முகர்ரம் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். அது நகரவில்லை. இன்னொன்றை எடுத்தாள். பிறகு செருப்புகூடப் போடாமல் வாய்க்காலைப் பார்த்து நடந்தாள்.

நூர்மத் கரையில் மண்வெட்டியால் மடை திருப்பிக்கொண்டிருந்தார்.

“அடிச்சிட்டீங்க இல்ல பெரியத்தான்?”

“என்ன அடிச்சேன்?”

“துணி கண்ணுக்குத் தெரியலயா? இல்ல, தம்பி ஊர்ல இல்லாத வீடுதானே, யார் கேக்கப்போறான்னா?”

நூர்மத் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். “முகர்ரம், வார்த்தைய பாத்துப் பேசு. என்ன நடந்துச்சு?”

“பெரிய ரூம் மொத்தமும் போச்சு. நடந்தது அதுதான்!”

அக்கம்பக்கத்து வயல்களில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கரையோரம் இருந்த எங்கள் காய்கறிப் பாத்திவரை அவள் குரல் கேட்டது. முகர்ரம் கணவனின் அண்ணனுக்கு எதிரே குரல் உயர்த்தி அதுவரை யாரும் கேட்டதில்லை.

“நான் அடிக்கல. வேணும்னா வந்து பாரு. என் மெஷினுக்குள்ள சிலந்தி குடும்பம் நடத்துது.”

அப்போது நஃபீசாவும் ஓடிவந்து சேர்ந்துகொண்டாள். அவள் கத்தவில்லை, அதுதான் இன்னும் மோசமாகப் போய்விட்டது. “பெரியப்பா, நீங்க என்ன மருந்து அடிச்சீங்கன்னு பேரை மட்டும் சொல்லுங்க. பேரு தெரிஞ்சா மிச்சத்தையாவது காப்பாத்தலாம். நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்.”

நூர்மத் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தம்பி மகளை இடுப்பில் வைத்து வாய்க்கால் தாண்டியவர் அவர். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, திருப்பிய மடையைக்கூட அடைக்காமல் வீட்டுக்கு நடந்தார். தண்ணீர் அவர் கோதுமைக்குள் தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நஃபீசாதான் காலால் மண்ணைத் தள்ளி அடைத்தாள்.

வீட்டுக்கு வந்து அவள் செய்த முதல் காரியம், செத்த புழுக்களில் சிலவற்றை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டதுதான். கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்து எந்த மருந்து என்று கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தாள். அடையாளம் எழுதிவைக்க வேண்டுமே என்று ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

மருந்து பட்ட புழு தலையை ஆட்டும். பச்சையாகக் கக்கும். உடம்பை முறுக்கிக்கொண்டு சாகும். பாடத்தில் படித்திருக்கிறாள். இவை கக்கவில்லை. முறுக்கவில்லை. தூங்குவதைப்போல நீட்டிக்கொண்டு கிடந்தன. வால் பக்கத்திலிருந்து கறுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. அவள் ஒன்றை விரலால் அழுத்தினாள். உள்ளே எல்லாம் தண்ணீராகியிருந்தது.

இந்தப் படத்தையும் அவள் பார்த்திருக்கிறாள். பார்த்தது மட்டுமல்ல, பரீட்சையில் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். படத்துக்குக் கீழே எழுதியதும் ஞாபகம் இருந்தது: இலை தின்னும் புழுக்களின் குடலை மட்டும் தாக்கும்.

பட்டுப்புழு வேறு எதைத் தின்கிறது?

அவள் புட்டியை ஜன்னலில் வைத்துவிட்டு எந்த அறைக்கு எந்த இலை என்று எண்ணிப் பார்த்தாள். பெரிய அறைக்கு வாய்க்கால் வரிசை இலை. சின்ன அறைக்கு ரோட்டோர இலை. சின்ன அறையில் தூறல் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

முகர்ரம் செத்தவற்றைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். நஃபீசா பக்கத்தில் போய் உட்கார்ந்து, சாயங்காலம் தெளித்தது, காற்று, தூள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். முகர்ரமின் கை நிற்கவில்லை. கூடை நிறைந்த பிறகுதான் பேசினாள்.

“அது மருந்து இல்லன்னா சொல்ற?”

“மருந்து இல்லம்மா. கிருமி.”

“செத்தது செத்ததுதானே?”

“ஆமா.”

முகர்ரம் தலைத்துணியால் முகத்தைத் துடைத்தாள். அவளுடைய கோபம் போக இடம் தெரியாமல் அறைக்குள்ளேயே சுற்றியது. “போய்ச் சொல்லு. நான் கத்தினது நாலு வயலுக்குக் கேட்டுச்சு. நீ சொல்றதும் கேக்கணும்.”

“நீயும் வாயேன்.”

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது? முதல்ல நீ போ.”

நூர்மத்தின் முற்றத்தில் பாசிப்பயறும் அரிசியும் போட்டுக் கிச்சடி வெந்துகொண்டிருந்தது. அவர் முற்றத்துக் கட்டிலில் உட்கார்ந்து தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றுவதும் திரும்பக் கெண்டியிலேயே கவிழ்ப்பதுமாக இருந்தார். மூன்று தடவை அப்படிச் செய்தால் தேநீர் தெளியும் என்பது வழக்கம். அவர் அதற்கு மேலேயும் செய்துகொண்டிருந்தார்.

நஃபீசா கட்டிலில் ஏறவில்லை. நின்றபடியே, உரக்க, வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். “பெரியப்பா, நீங்க அடிக்கல. நான்தான் அடிச்சேன். என் கடலைக்கு அடிச்ச தூள் காத்துல மல்பெரி மேல பட்டுருச்சு. துணிய கட்டினதும் நான்தான், மீறினதும் நான்தான்.”

நூர்மத் கெண்டியைக் கீழே வைத்தார். உல்மஸ் அகப்பையோடு திரும்பினாள்.

“இயற்கைன்னா ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சிட்டேன்.”

“பாம்பும் இயற்கைதான்டி” என்றாள் உல்மஸ். “எங்க அம்மா வீட்டுப் பக்கம் நெறைய இருக்கு. வேணும்னா சொல்லு, சான்றிதழோட புடிச்சுத் தரச் சொல்றேன்.”

“உல்மஸ்!”

“என்ன உல்மஸ்? பதினெட்டு பேர் பாக்க உங்களைத் திருடன் மாதிரி நிக்க வச்சாங்க. நான் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொல்லுங்க பெரியம்மா” என்றாள் நஃபீசா. “எல்லாத்தையும் சொல்லிருங்க. அப்புறம் நான் ஒண்ணு கேக்கணும்.”

உல்மஸ் அகப்பையால் கிச்சடியைக் கிளறினாள்.

நூர்மத் கேட்டார்: “சின்ன ரூம்?”

“நல்லா இருக்கு. உங்க இலை.”

“இன்னும் எத்தனை நாள் தின்னும்?”

“ஒரு வாரம் போல. வாய்க்கால் இலைய இனி தொட முடியாது பெரியப்பா. சுத்தமான இலை ரோட்டோரம் உங்க மரத்துலதான் இருக்கு. நீங்க கோதுமைக்கு எங்க அடிச்சாலும் மலைக்காத்து அங்கதான் கொண்டுபோகும், அப்ப அதுவும்...” அவள் நிறுத்தினாள். “எனக்குத் தெரியும். பால் முத்திட்டே இருக்கு. ஒரு வாரம் விட்டா பூச்சி மொய்க்கற கரையோரக் கோதுமை போயிரும். எந்த வாயால கேக்கறதுன்னு தெரியல. ஆனா கேக்கறேன்.”

உல்மஸ் கணவனைப் பார்த்துச் சொன்னாள். “அந்தக் கரையோரக் கோதுமைதான் நமக்கு வீட்டு மாவு. மத்ததெல்லாம் கோதுமை வாங்கற கம்பெனிக்கு அளக்கறது. ஞாபகம் வச்சுக்கிட்டு வாயைத் தெறங்க.”

“ஞாபகம் இருக்கு.”

“குளிர்காலம் பூரா ரொட்டி சாம்பல்ல விழும்.”

“விழட்டும். ஊதித் தின்னலாம்.” அவர் எழுந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த உல்மஸின் தலைத்துணி ஒன்றை உருவினார். அது சிவப்புகூட இல்லை, பூப்போட்ட ஆரஞ்சு. “இதை ரோட்டோர மரத்துல கட்டு. இந்தத் தடவை முடிச்சை உன் பக்கம் பாத்துப் போடு.”

“அது என் நல்ல துணி!” என்றாள் உல்மஸ்.

“ஒரு வாரத்துல வந்துரும்.”

அந்த வாரம் நஃபீசா தூங்கிய நேரம் குறைவு. விடியலில் ரோட்டோர இலை. முழுவதையும் அறைக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டு, பெரியப்பாவின் கோதுமைக்கு ஓடுவாள். துணிவலையைக் கதிர்களின் மேல் இழுத்து, விழுகிற பூச்சிகளை மண்ணெண்ணெய்த் தண்ணீரில் கொட்டுவாள். கோழிகளை விட்டால் நாவாய்ப்பூச்சியைப் பொறுக்கும் என்று எங்கோ படித்திருந்தாள். உல்மஸின் கோழிகளைப் பிடித்து, கரையோரத்தில் வலை கட்டி உள்ளே விட்டாள். முதல் நாள் கோழிகள் நன்றாகத்தான் தின்றன. மறுநாள் கதிர்களை மிதித்து, நடுவில் குழி பறித்து, மண் குளித்துப் படுத்துக்கொண்டன.

நூர்மத் வரப்பில் நின்று பார்த்தார். “காலேஜு, பூச்சி உறிஞ்சினது போக மிச்சத்தைக் கோழி மிதிக்குது. கோழிக்கு என்ன மருந்து?”

“பிரியாணி” என்றாள் நஃபீசா, முகத்தை நிமிர்த்தாமல்.

அவர் சிரித்தார். கரையில் சண்டை நடந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் கேட்டது. கோழிகளைப் பிடித்துக் கூடைக்குள் போட அவரும் இறங்கினார்.

சின்ன அறைப் புழுக்கள் தின்பதை நிறுத்தின. இந்த முறை நல்ல நிறுத்தம். உடம்பு கண்ணாடிபோல மஞ்சளித்து, தலையைத் தூக்கி இடம் தேடின. கூடு கட்டுவதற்கான செடிக்கட்டுகளை நிறுத்தியதும் ஒவ்வொன்றாக ஏறி நூல் விடத் தொடங்கின. முகர்ரம் கதவைச் சாத்திவிட்டு, பூப்போட்ட துணியை அவளே போய் அவிழ்த்தாள். துவைத்து, மடித்து, அதோடு இலை தின்று முடித்த மல்பெரிக் குச்சிகளையெல்லாம் ஒரு வண்டி நிறைய ஏற்றி நூர்மத் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். தந்தூருக்கு மல்பெரிக் குச்சியைப்போல எரிகிற விறகு கிடையாது. எந்த வீட்டிலும் அதை வெளியே கொடுக்க மாட்டார்கள். உல்மஸின் முற்றத்தில் இறக்கி அடுக்கினாள். உல்மஸும் கூட நின்று அடுக்கினாள். நூர்மத் வெளியே வந்தபோது முகர்ரம் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, “பெரியத்தான், அன்னைக்கு...” என்று தொடங்கினாள்.

“குச்சி காய்ஞ்சதா?” என்றார் நூர்மத்.

“காய்ஞ்சது.”

“அப்ப சரி.”

மறுநாள் விடியலில் நூர்மத் மருந்து அடித்தார். தண்ணீர்க் குடத்தோடு வரப்பில் வந்து நின்றவள் நஃபீசா. மூக்கில் துணி கட்டியிருந்தாள். அவருக்கும் ஒன்று கொண்டுவந்திருந்தாள்.

“உன் சான்றிதழ்காரன் பாத்தா என்ன சொல்லுவான்?”

“வாய்க்காலை ஒட்டி என் பக்கம் ஒரு பட்டை ஒதுக்கிட்டேன் பெரியப்பா. அதுல குதிரைமசால் போடறேன், மாட்டுக்கு. அதுக்கு எதுவும் அடிக்கப்போறதில்ல, தூளும் இல்ல. உங்க பக்கமும் மரத்தை ஒட்டி ரெண்டு பாத்தி அடிக்காம விடுங்களேன். அது போதும்.”

“விடலாம்.” அவர் மருந்துப் புட்டியைத் திறந்து மூடியில் ஊற்றினார். ஊற்றிவிட்டு இன்னொரு மூடி.

“அது எதுக்கு?”

“முதல் மூடி பூச்சிக்கு. ரெண்டாவது என் மனசுக்கு.”

“மனசுக்கு வேணாம்.” அவள் புட்டியை வாங்கி மூடினாள். பனிபோலத் தூவும் முனையைக் கழற்றிவிட்டு, காற்றில் பறக்காத பெருந்துளி முனையை மாட்டினாள். ஒரு புல்லைக் கிள்ளி மேலே விட்டுக் காற்றைப் பார்த்தாள். புல் நேராக அவள் காலடியில் விழுந்தது. “இப்ப அடிங்க. மரத்துக்கு முதுகு காட்டி நடங்க.”

பக்கத்து வயல்காரன் அந்த வழியாகப் போனான். “என்ன நஃபீசா, கட்சி மாறிட்டியா?”

“மாறல. ஆள் குறைவா இருந்துச்சு” என்றாள்.

பாதி அறுவடையாக வந்த கூடு கல்லூரிக் கட்டணத்தில் பாதிக்குத்தான் எட்டியது. மீதிக்குக் கடலை விளைய வேண்டும், சுமாராக விளைந்தது. பஸ் டிரைவர் இலையுதிர் காலத்தில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். முகர்ரம் மாப்பிள்ளைப் பேச்சை விட்டுவிட்டாள்.

அதற்கெல்லாம் முன்னால், கோதுமை அறுத்து, முதல் மாவு அரைத்து வந்த அன்று உல்மஸ் ஆள் அனுப்பினாள். நஃபீசா போனபோது தந்தூர் மல்பெரிக் குச்சித் தணலில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. உல்மஸ் கரையோரக் கோதுமை மாவை வட்டமாகத் தட்டி, கையைத் தோள்வரை உள்ளே விட்டுச் சுவரில் அறைந்தாள். ரொட்டி ஒட்டியது. ஒரு பக்கம் தொங்கியது. மெதுவாக நீண்டு, நழுவி, சாம்பலில் விழுந்தது.

நூர்மத் இடுக்கியால் அதை எடுத்து, ஊதி, பாதியாகப் பிட்டு நஃபீசாவின் கையில் கொடுத்தார். ரொட்டியைத் தூக்கிப் போடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. அவள் சாம்பலைத் தட்டிவிட்டு, பல்லில் நறநறக்க, முழுவதையும் தின்றாள்.

“எப்படி இருக்கு?”

“உப்பு சரியா இருக்கு பெரியப்பா.”

உல்மஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

நஃபீசா கையைத் துடைத்துக்கொண்டாள். “பெரியம்மா, நடுவயல் மாவு இருக்கா? அங்க பூச்சி அவ்வளவா உறிஞ்சல. இதுல கலந்து பிசைஞ்சா நிக்கலாம்.”

“இருக்கு. கம்பெனிக்கு அளந்தது போக ஒரு மூட்டை. எவ்வளவு கலக்க?”

“தெரியல. போட்டுப் பாக்கலாம்.”

முதலில் சரிபாதியாகக் கலந்தார்கள். அதுவும் விழுந்தது, கொஞ்சம் தாமதமாக. அடுத்ததற்கு நஃபீசா நடுவயல் மாவை இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு அவளே பிசைந்தாள். உல்மஸ் தட்டிச் சுவரில் அறைந்தாள். மூன்று பேரும் தந்தூரின் வாயைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். முகத்தில் அனல் அடித்தது.

“விழுந்தா உனக்கு” என்றார் நூர்மத். “நின்னா எனக்கு.”

ரொட்டியின் ஓரம் சிவந்தது. நடுவில் கொப்புளம் எழுந்தது. நின்றது. நூர்மத் அதை எடுத்து, சூட்டுக்குக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, இரண்டாகப் பிட்டார்.